கனமே இல்லாத பன்னிரண்டு பெட்டிகள்

இன்னா மக்களே, எல்லாரும் சௌக்கியமா? சாப்ட்டாச்சா?

வல்லம் வடகால் சிப்காட்டில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. (நான் சொல்லச் சொல்ல என் சம்சாரம் டைப் செய்கிறது. பிழை இருந்தால் அதைக் கேளுங்கள்!)

நான் ஒரு பேட்டரி கம்பெனியில் லோடு இறக்குகிறவன். லேபிள் படிக்கத் தெரியாது. கைதான் தராசு.

தூக்கினால் கனம் இருந்தால் சரக்கு, ஸ்டோருக்குப் போகும். கனம் இல்லையா? காலிப் பெட்டி, காயலான் கடை டெம்போவுக்குப் போகும். இதுவரை தப்பியதே இல்லை!

நேற்றுக் காலை லாரியில் பன்னிரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றும் பெரிய டிவி பெட்டி அளவு.

மூச்சைப் பிடித்து, இடுப்பை வளைத்து, ஒரே தூக்கு...

பெட்டி மேலே போனது. நான் பின்னால் போய் விழுந்தேன்!

(என் கல்யாணத்தில் மச்சான் கொடுத்த சீர் சூட்கேஸைத் தூக்கியும் இப்படித்தான் விழுந்தேன். சம்சாரம் முறைக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.)

சரி, எல்லாம் காலி என்று டெம்போவில் ஏற்றிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் செல்வி வந்தார். திருநெல்வேலிப் பக்கம்.

"அண்ணே, புது ஷீட்டு பன்னெண்டு பெட்டி வந்துச்சே, எங்க வச்சிருக்கிய?"

"அது காலி பொட்டிம்மா. காயலான் டெம்போல ஏத்திட்டேன்."

"ஏத்திட்டியளா! அது ஏரோஜெல்லுண்ணே! அது இல்லாம லைன் ஓடாது. மத்தியான ஷிப்டுக்குள்ள வரலைன்னா உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் வேலை இல்ல!"

ஓடினோம். நல்லவேளை, கேட் பாஸில் சீல் இல்லை என்று செக்யூரிட்டி டெம்போவை நிறுத்தி வைத்திருந்தார்.

ஓடும்போதே செல்வி விளக்கம் வேறு சொன்னார்.

"அதுல பெரும்பாலும் காத்துதாண்ணே. கண்ணுக்கே தெரியாத ஓட்டைக்குள்ள மாட்டிக்கிட்டு அசைய முடியாது. அதான் சூடு அந்தப் பக்கம் போவாது. ஒரு பேட்டரி கொதிச்சா பக்கத்து பேட்டரிக்குத் தாவாம நடுவுல வைக்கது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஷிப்ட் விடும் நேரத்து ஷேர் ஆட்டோவில் நாம்தான் அந்தக் காற்று!

டெம்போவில் பதினொரு பெட்டிகள் டேப் ஒட்டியபடியே இருந்தன. பன்னிரண்டாவது கிழிந்திருந்தது. ஒரு ஷீட் இல்லை.

டிரைவர் முனுசாமி இறங்கி வந்தான். "எனக்கு இன்னாண்ணா தெரியும்? காலி பொட்டின்னு நீதான குட்த்த!"

சொல்லிவிட்டுத் திரும்பினான். பேண்ட்டின் பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பவுடர்!

"டேய், அது இன்னாடா?"

"ண்ணா, கோச்சிக்காத. சீட்டுக்கு அடியில இஞ்சினு கீது. ஓட்ட ஆரம்பிச்ச நாள்லருந்து பின்னாடி வெந்துகினு கீது. அந்த ஷீட்ட எட்த்து போட்டதும் ஏசி ரூம்ல குந்திகினுகிறா மாரி கீதுண்ணா!"

செல்வி சீட்டைத் தூக்கி ஷீட்டைத் தொட்டுப் பார்த்தார். கையிலும் அதே வெள்ளைப் பவுடர். கீழே கொதிக்கிறது, மேலே ஜில்லென்று இருக்கிறது. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நல்லாத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கான்!"

ஷிப்டுக்குள் பெட்டிகள் லைனுக்குப் போய்விட்டன. எங்கள் வேலையும் பிழைத்தது! முனுசாமி உட்கார்ந்த ஷீட்டை மட்டும் குவாலிட்டிக்காரர்கள் ரிஜெக்ட் செய்துவிட்டார்கள். அது இப்போது டெம்போ சீட்டுக்கு அடியிலேயே வேலை பார்க்கிறது.

செல்வி எனக்கு ஒரே ஒரு ரூல் போட்டார். "இனிமே தூக்கிப் பாக்காதிய, தொறந்து பாருங்க."

அன்றைக்கு அந்தச் சீர் சூட்கேஸையும் திறந்து பார்த்திருக்க வேண்டும் மக்களே! உள்ளே என்ன இருந்தது தெரியுமா? வெறும்

(முனுசாமி வாசலில் ஹாரன் அடித்ததும் இவர் கிளம்பிவிட்டார். சூட்கேஸில் பட்டு வேட்டி இருந்தது. இப்படிக்கு, டைப் செய்யும் சம்சாரம்.)