எங்க ஆளைத்தான்

ஒரே ஓர் எழுத்தை வேண்டுமென்றே விழுங்கி ஒரு குடும்பத்தை வீட்டை விட்டு வெளியேற்றியவன் நான். அந்த எழுத்து 'ஐ'. இரண்டாம் வேற்றுமை உருபு. பிற்காலத்தில் தமிழாசிரியனாகி, ஓய்வு பெறும்வரை அதே உருபைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினேன். அது இல்லாவிட்டால் அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்றே தெரியாமல் போய்விடும் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் என் கை ஒரு கணம் நின்றுவிடும். சார்வாளுக்குச் சாக்பீஸ் உடைந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

அப்போது யுத்தகாலம். எனக்குப் பத்து வயது. பாபநாசம் மலையிலிருந்து கம்பி வழியாகப் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது. அந்த வேலையை மேற்பார்வை பார்க்க வந்தவர் கொச்சிக்காரர். எங்கள் வீட்டை ஒட்டியிருந்த பெரியப்பாவின் இன்னொரு வீட்டில் மனைவியோடும் மகளோடும் குடியேறினார். எனக்கு அவர் கொச்சி மாமா. முதல் தெருவிளக்கு எரிந்த அன்று அதைச் சுற்றிப் பூச்சிகள் மேலே ஆடின, நாங்கள் கீழே ஆடினோம்.

அவர் யூதர் என்பது தெருவுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. சனிக்கிழமை வேலைக்குப் போகமாட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வெள்ளை உடுத்திக் கோயிலுக்குப் போகையில் அவர் கம்பத்தடியில் நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருப்பார். சர்ச் என்பதை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் ஞாயிறு பள்ளியில் யூதர் என்ற சொல் வந்தால் பின்னாலேயே ஏசுவைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸும் வந்துவிடுவான். இரண்டும் ஒரே குடும்பப் பெயர் என்றே நான் நம்பியிருந்தேன். கொச்சி மாமாவின் இடுப்பில் பணப்பை தொங்குகிறதா என்று ரகசியமாகப் பார்த்ததும் உண்டு. வெற்றிலைப் பொட்டலம்தான் இருந்தது.

தெருவுக்கே வெளிச்சம் கொடுத்தவர் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் ஸ்விட்சைத் தொடமாட்டார்; அவர்கள் ஓய்வுநாள் அப்போதே தொடங்கிவிடும். பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். தொடு என்று பிறரிடம் கேட்கவும் மாட்டார். நான் அங்கே விளையாடிக்கொண்டிருந்தால், "வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார். நான் ஓடிப்போய் அணைப்பேன். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பதவி இருந்ததில்லை.

ஏசுவைச் சிலுவையில் அறைந்த பெரிய வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை மாலை அப்படித்தான் உள்ளே போனேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. கீரை, உலர்ந்த திராட்சையில் இறக்கிய ரசம், நடுவில் வட்டவட்டமாக உப்பாத அப்பம்.

"இது என்ன மாமா?"

"இன்னைக்குப் பெசஹா, மோனே. நீங்க பஸ்கான்னு சொல்லுவீங்க."

நான் மேசையை எட்டிப் பார்த்தேன். "வேதத்துல வருத அப்பம்லா இது! புளிப்பில்லாத அப்பம்!"

"வேதத்திலும் உண்டு. எங்க அடுப்பிலும் உண்டு."

"ஏசு சாமி கடைசியா சாப்பிட்டது?"

"அவர் வேற என்ன சாப்பிடுவாரு? யூதப் பையனாக்கும். அம்மை யூதத்தி. கூட இருந்த பன்னிரண்டு பேரும் எங்க ஆளுங்க."

"பேதுருவுமா?"

"பேதுருவும்."

"யோவான்?"

"யோவானும்."

"பவுல்?"

"பவுலும்தான். அங்கேதான் கொஞ்சம் தகராறு." அவர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் என் வயதுதான். எனக்கோ, படங்களில் பொன்னிறத் தலைமுடியோடு நின்றவர்கள் எல்லோரும் வரிசையாக இறங்கி வந்து இந்த மேசையைச் சுற்றி உட்காருவதுபோல் இருந்தது.

மாமா அப்பத்தை உடைத்தபடி சொன்னார். "புது மதம் தொடங்கணும்னு அவங்க நினைக்கலை, மோனே. ஆலயத்துக்குப் போனாங்க, சனிக்கிழமை ஓய்ந்திருந்தாங்க. காத்திருந்த மீட்பர், மெசியா, வந்தாச்சுன்னாங்க. வரலைன்னு மத்தவங்க சொன்னாங்க. வீட்டுக்குள்ள ஒரு சண்டை, அவ்வளவுதான். பிறகு வெளியாளுங்க நிறைய வந்து சேர்ந்தாங்க. எங்க சட்டம் எதுவும் வேண்டாம்னு ஆச்சு, பாகம் பிரிஞ்சது. அண்ணன் தம்பி சண்டையில பேசின பேச்சை மூணாவது ஆளு எடுத்துப் படிச்சா எப்படி இருக்கும், சொல்லு?"

அப்பாவும் பெரியப்பாவும் கிணற்றுப் பங்குக்காகப் பேசிக்கொண்ட வார்த்தைகள் ஞாபகம் வந்தன. நன்றாகவே புரிந்தது.

"அப்ப நீங்க ஏன் அவரைக் கும்பிடல?"

"மெசியா வந்தா யுத்தம் நிக்கணும். பேப்பரைப் பாரு, நின்னுதா?"

"அப்ப அவரைக் கொன்னது?"

மகளின் சிரிப்பு நின்றது. மாமா அப்பத்தைக் கீழே வைத்தார். "சிலுவை ரோமாக்காரன் போடுற தண்டனை. எங்க பெரியவங்க சிலரும் அவன் பக்கம் நின்னிருக்கலாம், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா கொன்னது எங்க ஆளைத்தான், மோனே. எங்க ஆளைத்தான்." பிறகு கூரையைப் பார்த்து, "வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்றார். நான் அணைத்துவிட்டு ஓடினேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது.

மறுநாள் மூன்று மணி ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்துப் புளியமரத்தடியில் பையன்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏலே, யூதாஸ் வீட்டுல போய்த் தின்னியாம்லே?"

"ஏசு சாமியே யூதர்தாம்லே! அப்பம் பார்த்தேன். கொன்னது எங்க ஆளைத்தான்னு மாமா சொல்லுதாரு."

"போலே, கோட்டிக்காரா." அவ்வளவுதான். கொண்டுவந்த புதையலைத் திறந்து காட்டியவனுக்கு முதுகைக் காட்டிவிட்டுப் புளியங்காய் பறிக்கப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னாலிருந்து கத்தினேன்: "கொன்னது எங்க ஆளுதான்னு சொன்னாருலே!"

எல்லோரும் திரும்பினார்கள். ஓர் எழுத்து குறைந்ததில், கொல்லப்பட்டவர் அவர்கள் ஆள் என்பது போய், கொன்றவர்களே அவர்கள் ஆட்கள் என்று ஆகிவிட்டது. "நிசமாலே?" என்று ஒருவன் என் தோளில் கை போட்டான். "திருப்பிச் சொல்லுலே." திருப்பிச் சொன்னேன். இன்னும் சிலர் வந்தார்கள், அவர்களுக்கும் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னை அவ்வளவு ஆவலாகக் கேட்டது அதுதான் முதல் முறை. அந்த இனிப்பை இன்றும் நாக்கில் உணர முடிகிறது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை பெரியப்பா வந்தார். கோயில் கமிட்டியில் இருந்தவர். ஞாயிறு பள்ளியில் பொய் சொன்னவர்களுக்கென்றே வைத்திருந்த பிரம்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கொச்சி மாமாவைப் பயமுறுத்தத்தான் என்று நினைத்தேன். என்னைக் கூப்பிட்டு மாமா வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"இவரு என்ன சொன்னாரு? பயப்படாம சொல்லுலே."

"கொன்னது எங்க ஆளுதான்னு."

"சரியாக் கேட்டியா? இல்ல, கதை அளக்கியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொச்சி மாமா என்னைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் கையைப் பார்த்தார். "என் தமிழ் கொஞ்சம் மோசமாக்கும், அண்ணாச்சி," என்றார். "நான் சொல்ல வந்தது வேற. வாயில அப்படித்தான் வந்திருக்கும். பையன் கேட்டதைத்தான் சொல்லுதான்."

"பெரிய வெள்ளி அன்னைக்கு ஊரே இந்தப் பேச்சு பேசுது. மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிரும் வே."

எனக்கு வந்தது நிம்மதிதான். என்ன சொன்னோம் என்பது இவருக்கே நினைவில்லை, தப்பித்தோம் என்று வீட்டுக்குள் ஓடினேன். மாதக் கடைசியில் ஒரு மாட்டுவண்டி ஆற்றுப்பாலத்தைப் பார்த்துப் போனது. அவர் மகள் பின்னால் உட்கார்ந்து கண்ணாடி விளக்கொன்றை மடியில் பிடித்திருந்தாள். கையசைக்கவில்லை.

அந்த 'ஐ'யைத் திருப்பி வைக்க எனக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. இந்தத் தொண்ணூறுகளில் ஒரு பெரிய வெள்ளி அன்று, ஏசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றை விளக்க என்னையும் அழைத்தார்கள். விளக்கம் சொல்லவில்லை. புளியமரத்தடியில் நான் செய்ததை அதே கோயிலில் நின்று சொன்னேன். கொன்னது எங்க ஆளைத்தான் என்ற வாக்கியத்தை உருபோடு இரண்டு தடவை சொன்னேன். கல்லெறி விழும் என்று நினைத்தவனுக்கு, "நல்ல பிரசங்கம், சார்வாள்" என்று கைகுலுக்கல்தான் கிடைத்தது. ஒருவர் மட்டும் கேட்டார்: "அந்தக் குடும்பத்தைத் தேடிப் பார்த்தீங்களா?" அவர் மகனுக்குக் கொச்சியில் வேலை. அங்கே மிச்சமிருக்கும் சில யூதக் குடும்பங்களிடம் விசாரித்து, சில மாதங்களில் இஸ்ரவேலில் குடியேறியிருந்த மாமா மகளின் தொலைபேசி எண்ணை அனுப்பிவைத்தான்.

மார்க்கெட் பக்கத்துத் தொலைபேசி பூத்திலிருந்து கூப்பிட்டேன். கட்டணம் காட்டும் சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின. மலையாளமும் தமிழும் கலந்த ஒரு கிழவியின் குரல். என்னை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்றேன்.

"ஸ்விட்ச் பையனா! எடா, நீ இன்னும் இருக்கியா!" என்று கத்தினாள். இருவரும் சிரித்தோம். மாமா இறந்து வெகு காலமாயிற்று என்றாள். நான் எல்லாவற்றையும் சொல்லி, முதலில் சரியாகத்தான் சொன்னேன் என்றும், பிறகு தெரிந்தே ஓர் எழுத்தை விட்டேன் என்றும் ஒப்புக்கொண்டேன். "மாமாவுக்குத் தமிழ் சரியா வராததால அவருக்கே சந்தேகம் வந்துட்டு. அதையும் நான் பயன்படுத்திக்கிட்டேன்."

"அப்பனுக்குத் தமிழ் வராதா? யார் சொன்னா? அவர் படிச்சதே நாகர்கோவில்ல, தமிழ்ப் பள்ளிக்கூடத்திலாக்கும்."

"அப்ப ஏன் அன்னைக்கு..."

"உன் பெரியப்பன் கையில பிரம்பு இருந்துச்சுல்லா? அம்மை அழுதா, ஏன் விட்டுக்கொடுத்தீங்கன்னு. வீடு வேற கிடைக்கும், அந்தப் பையனுக்கு முதுகு வேற கிடைக்குமான்னு அப்பன் கேட்டாரு."

அவள் இன்னும் ஏதேதோ கேட்டாள், அந்தக் கம்பம் இருக்கிறதா, புளியமரம் இருக்கிறதா என்று. எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தப் பிரம்பு யாருக்காக வாசல்வரை வந்தது என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.