முர்ஷித் கொண்டுவந்த கோர்க்ஸ்குரு

பாலமுனையில் முர்ஷிதுக்கு ஒரே தங்கை, நபீலா. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியேறுவார் என்பது அந்தக் கரையோரத்து வழக்கம். வாப்பாவின் வயல் இரண்டு போகம் வெள்ளத்தில் போனதும் அந்தச் சுமை முர்ஷிதின் தலையில் விழுந்தது. அறுகம்பேயில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான்.

குசினியில் சமையல் வேலை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தான். முதல் இரண்டு மாதம் அது உண்மையும்கூட. பிறகு அவனுடைய ஆங்கிலத்தையும் சிரித்த முகத்தையும் பார்த்து, சாப்பாட்டு மேசைகளுக்கு மாற்றினார்கள். அன்றைக்கே மேற்பார்வையாளர் "கோர்க்ஸ்குரு எடுத்து வா" என்றார். முர்ஷித் ஓடிப்போய் ஒரு ஸ்குரு ட்ரைவரைக் கொண்டுவந்து நீட்டினான். குசினி முழுக்கச் சிரித்தது.

அவன் கையில் அவர்கள் வைத்தது பேனாக்கத்தி போல மடங்குகிற ஒரு சின்னச் சாமான். ஒரு பக்கம் சுருள் கம்பி, மறுபக்கம் சோடா மூடி கழற்றும் கொக்கி. கம்பியை வைன் போத்தலின் தக்கைக்குள் திருகி இறக்கி, நெம்பி இழுக்க வேண்டும். ஒரு வாரத்தில் சத்தமே வராமல் இழுக்கப் பழகிவிட்டான். ஒரு துளி அவன் நாவில் பட்டதில்லை. விரலில் சிந்தினால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினான். ஆனாலும் தொழுகையில் நின்றால் மனம் ஒட்டவில்லை.

அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பதும் அங்கேதான் தெரிந்தது. தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரி, சுருண்டு சுருண்டு தொங்கிய தன் மகளின் முடியைக் காட்டி "கோர்க்ஸ்குரு" என்றாள். நபீலாவுக்கும் அதே முடி. அன்று தொலைபேசியில் சொன்னான்.

"உன்ட முடிக்கு இங்கிலீசில கோர்க்ஸ்குரு எண்டு பேராம், தங்கச்சி."

"பேரு வடிவா இருக்கே, நானா!" என்று அவள் சிரித்தாள். அந்தச் சாமானைப் பற்றி அவன் சொல்லவில்லை.

மூன்று வருடத்தில் வீடு எழும்பியது. ஒலுவிலைச் சேர்ந்த ஜெஸீம் என்ற ஆசிரியருக்கு நபீலாவைப் பேசினார்கள். பெண் பார்க்க வந்த அன்று, ஜெஸீமின் தாய்மாமா ஹஸன் ஹாஜியாரும் வந்திருந்தார். துபாயில் ஹோட்டல் சலவைப் பிரிவில் பதினைந்து வருடம் இருந்தவர்.

கண்ணாடிப் போத்தல் சோடாக்களைத் தட்டில் வைத்த பிறகுதான், மூடி கழற்ற வீட்டில் ஒன்றும் இல்லை என்று நபீலா கண்டாள். லீவில் வந்திருந்த நானாவின் வேலைப் பையைத் துழாவினாள். கொக்கியுள்ள அந்தச் சாமான் அகப்பட்டது. அதாலேயே ஒவ்வொன்றாகத் திறந்து, தட்டிலேயே அதையும் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

ஹாஜியார் சோடாவை எடுக்கவில்லை. சாமானை எடுத்தார். சுருள் கம்பியை விரித்துப் பார்த்தார்.

"இது ஆருட சாமான்?"

முர்ஷித் முன்னால் வந்தான். "என்டதான்."

"இதுக்குப் பேர் கோர்க்ஸ்குரு. எதுக்குப் பாவிக்கிற எண்டு தெரியும்தானே, மனே?"

அந்தச் சொல்லைக் கேட்டு நபீலா நிமிர்ந்தாள். நானாவைப் பார்த்தாள்.

"நான் குடிக்கிற இல்ல, ஹாஜியார். அல்லாஹ் அறிய ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. வாறவங்களுக்குத் திறந்து குடுக்கிறதுதான் வேலை."

"ஊத்திக் குடுக்கிறதும் மார்க்கத்தில ஹறாம்தான்." ஹாஜியார் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப இந்த வீடும் அந்தச் சம்பளம்தானே? எங்கட புள்ள இதுக்குள்ளயா வந்து இருக்கிற?"

ஹாஜியார் எழுந்து வாசலுக்கு நடந்தார். ஜெஸீம் தலையைக் குனிந்தபடியே மாமாவின் பின்னால் எழுந்து போனான். சோடாக்கள் தட்டில் நுரை அடங்கிக் கிடந்தன.

"நான்தானே அதை எடுத்துக்கொண்டு வந்தன்," என்றாள் நபீலா. நானாவை ஒரு சொல்கூட அவள் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு ஆறியிருக்கும்.

முர்ஷித் வேலையை விட்டான். மாவடிப்பள்ளியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனான். கதை ஒலுவிலோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு பேசிவந்த இரண்டு இடங்களும் வாசலோடு திரும்பின. வாப்பா புது வீட்டுக்குள் கால் வைப்பதை நிறுத்தினார். வளவின் பின்னால் இருந்த பழைய மண்வீட்டிலேயே படுத்தார், தொழுதார்.

போன மாரியில் அடைமழை. மண்வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறியதும் முர்ஷித் அவரைப் புது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். விறாந்தைக் கதிரையைக் காட்டி இறக்கச் சொன்னார்.

"உள்ளுக்கு வாங்க, வாப்பா. சாரல் அடிக்குது."

"இங்க இருந்தாக் காணும், மனே."

நபீலா போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். உள்ளே வரச்சொல்லிக் காலைப் பிடித்து அழுதாள். அவர் அவள் தலையைத் தடவினார், எழும்பவில்லை. மூன்று நாள் அங்கேயே இருந்தார். காய்ச்சல் வந்து நெஞ்சுச் சளியாகி, ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் மௌத்தானார்.

ஜனாஸா அடக்கிய பிறகு ஊர் திரண்டு வந்தது. மண்வீடு இடிந்து கிடந்ததால் எல்லோரும் புது வீட்டு மண்டபத்தில்தான் இருந்தார்கள். ஹஸன் ஹாஜியாரும் வந்தார். பாய் விரித்து யாசீன் ஓதினார். முர்ஷித் கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். குடித்து முடித்துச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நல்ல காத்தோட்டமான வீடு," என்றார்.

அறைக்குள் இருந்த நபீலா கதவை மெல்லச் சாத்தினாள். முர்ஷித் வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனான்.