தோல் மேல் ஒட்டிய ஆன்டெனா

மகள் காட்பாடியில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்தபோது, தோலின் மேல் செம்புத் தகடு ஒட்டி ஆன்டெனா செய்வதுதான் அவளுடைய புராஜெக்ட். தோல் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூர்ப் பெண் என்பதால் அவளுடைய சார் அதைக் கொடுத்தாராம். செய்வதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் வரைந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். திரையில் ஒரு கோடு வரும். அது சரியான இடத்தில் பள்ளமாக இறங்கினால் ஆன்டெனா வேலை செய்யும். எனக்கு அவள் புரியவைத்தது இவ்வளவுதான்.

கோடு இறங்கவே இல்லை. திங்கட்கிழமைக்குள் இறங்காவிட்டால் தலைப்பை மாற்றிவிடு என்று சார் சொல்லிவிட்டார். மாற்றினால் அந்த வருஷம் முடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூட வராமல் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். படத்தில் தகட்டோடு கம்பி சேர்கிற இடத்தை இப்படி நகர்த்தினாள், அப்படி நகர்த்தினாள். நான் காப்பி வைத்துவிட்டு, பேசினால் எரிந்து விழுவாளோ என்று கதவோரம் நின்றேன்.

"இன்னாமா அங்கியே நிக்கற?"

"ஒண்ணுமில்ல. எறங்குச்சா?"

"எறங்குனா சொல்ல மாட்டனா? பேஜாரா இருக்குமா."

சொல்லிக்கொண்டே படத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள். தோல் என்று வரைந்திருந்தது செங்கல் மாதிரி தடியாக நின்றது. மேசையில் கிடந்த தோல் துண்டை எடுத்து விளிம்பைப் பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, இந்தத் தோலு பன்னெண்டுன்னு சொன்னியே, எத்தினி மில்லிமீட்டர்பா?"

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒண்ணு பாயிண்ட் ரெண்டு. ஷாப்புல எவன் பாயிண்ட்லாம் சொல்லினு இருப்பான்?"

"நான் பன்னெண்டு மில்லிமீட்டர்னு போட்டுட்டேன்."

"எருமைக்கே அவ்ளோ மொத்தம் இல்லியேமா."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அளவை மாற்றி ஓட்டினாள். பள்ளம் விழுந்தது, ஆனால் தள்ளி விழுந்தது. தகட்டின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஓட்டினாள். மெஷின் முடிக்கும்வரை நகத்தைக் கடித்தபடி இருந்தாள். கரண்ட் போகக் கூடாதே என்று நான் மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டேன்.

"மா, வந்து பாரு."

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு கோடு, நடுவில் சின்னப் பள்ளம்.

"தலைப்பு மாத்த வேணாமா?"

"வேணாம்."

ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தாள். சூடு பண்ணித் தருகிறேன் என்றாலும் கேட்கவில்லை. மறுநாள் சார் பார்த்துவிட்டு, நிஜமாகவே செய்து பார்க்க இன்னும் இரண்டு துண்டு தோல் கொண்டு வரச் சொன்னாராம்.