கணக்கில் வராத மாத்திரை

காலை பத்து இருபது. ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில், தையல் மெஷின் ஊசிக்குப் பக்கத்தில் என் வலது கையைப் பார்த்தேன். விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. விரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. போன வருடம் நடந்தது இது.

பக்கத்து மெஷினில் தைக்கும் தோழிதான் எழுந்து வந்து ஸ்விட்சை அணைத்தாள். சிறிது நேரத்தில் விரல்கள் தானாக இளகின. மறுநாளும் அப்படியே ஆனது. கெண்டைக்கால் சதை சில மாதங்களாகவே இழுத்துக்கொண்டிருந்தது, அதை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஓடும் ஊசியின் கீழ் தோலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது கை.

சூப்பர்வைசர் கோபப்படவில்லை. "ஊசி விரல்ல ஏறிச்சுன்னா இன்னா பண்ணுவ? சரியாவற வரைக்கும் டேபிளுக்குப் போம்மா" என்றார். டேபிள் என்றால் பசை தடவுவது, நூல் வெட்டுவது. புதிதாகச் சேருபவர்களின் வேலை. அங்கே போய்விட்டு மெஷினுக்குத் திரும்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் தெரு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் சாப்பிட்டும் கை இழுப்பது நிற்கவில்லை. கடைசியில் வேலூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். தோழியும் லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்தாள்.

வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கிருந்த பெண் மருத்துவர் கேட்டார். கால்சியம் தவிர எதுவும் இல்லை என்றேன். பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். காலையில் கம்பெனி பஸ் வந்துவிடும், பத்து மணிக்கு டீயும் பன்னும்தான் என்றேன்.

"வெறும் வயித்துல டீயா? எரியாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தோழி சிரித்துவிட்டாள். "எரியாம இருக்குமா மேடம்? அதுக்குத்தான் அக்கா டெய்லி கேஸ் மாத்திரை போடுறாங்களே. நான் சேர்ந்ததுலேர்ந்து பாக்குறேன்."

"அதைத்தானேம்மா முதல்ல கேட்டேன்?"

"அது கேஸ் மாத்திரைதானே மேடம்" என்றேன். நான் எதையும் மறைக்கவில்லை. எங்கள் லைனில் அந்த மாத்திரை அட்டை சேஃப்டி பின் மாதிரி கை மாறும். யாரும் அதை மருந்தில் சேர்ப்பதில்லை.

ரத்தப் பரிசோதனையில் மெக்னீசியம் மிகவும் குறைந்திருந்தது. அந்த கேஸ் மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் சிலருக்குச் சாப்பாட்டிலுள்ள மெக்னீசியம் உடம்பில் சரியாகச் சேராது என்றார் மருத்துவர். என் சாப்பாட்டிலும் அது கம்மி. அது குறைந்தால் கால்சியமும் இறங்கும், எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் ஏறாது. டிரிப்ஸ் ஏற்றினார்கள். கேஸ் மாத்திரையை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். கேழ்வரகு, கீரை, பச்சைப்பயறு, வேர்க்கடலை சாப்பிடச் சொன்னார்கள்.

பாட்டிலில் கூழ் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறத் தொடங்கினேன். "இன்னாக்கா, ஐப்பசிலயும் கூழ் ஊத்துறியா? எந்த அம்மனுக்கு?" என்று பின் சீட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். குடித்தேன். கை இழுப்பது நின்றது.

சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று ஒரு ஜோடி தைக்கச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போய் உன் மெஷின்ல உக்காரு" என்றார்.

இப்போது எந்த மருத்துவர் கேட்டாலும், கடையில் நானாக வாங்கியதையும் சேர்த்துச் சொல்கிறேன். கேஸ் மாத்திரையை இப்படி தினமும் போடாதே என்று தோழியிடமும் பலமுறை சொல்லிவிட்டேன். நான் மெஷினுக்குத் திரும்பிய அன்று, டீ வந்ததும் அவள் தன் பையிலிருந்து கேஸ் மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.