கொம்புச் சில்லு இரண்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு தைலச் சிமிழ் இருக்கிறது. அதற்குள் தேங்காய் எண்ணெய் தோய்ந்த பஞ்சு. பஞ்சின்மேல் வெகுகாலம் ஒரே ஒரு சில்லுதான் இருந்தது. எருமைக்கொம்பில் செதுக்கியது, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. கிட்டார் தந்திகளை மீட்டுவதற்கான அதைக் கடையில் பிளெக்ட்ரம் என்பார்கள். திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவில் எல்லோருக்கும் அது சில்லுதான். செய்து ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் முனை மழுங்கவில்லை. வருகிறவர்கள் அதன் உழைப்பை மெச்சும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிச் சிமிழை மூடிவிடுவேன்.

மச்சான் என் அக்காளின் கணவர். தோல் பதனிடும் ஆலையில், எங்கள் பேச்சில் தோல் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோல் புரட்டும் வேலை. நான் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறவன். எழுபதுகளின் தொடக்கத்தில் கோவிலில் கிட்டார் வாசித்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவர் மீட்டும் முறை ஒன்றேதான்: மேலிருந்து கீழாக, மணிக்கட்டோடு ஓர் இறக்கு, அடுத்த சுரத்துக்கும் மேலே போய் அதே இறக்கு. மைக் இல்லாத கோவிலில் வாசற்படிவரை அவர் கிட்டார் கேட்கும். நானோ கீழே ஒன்று மேலே ஒன்று என்று மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டு போவேன். எவ்வளவு வேகமான பாட்டுக்கும் என் கை ஈடுகொடுக்கும். ஓசை மட்டும் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. கோழி குப்பையைக் கிளறுவதுபோல நான் வாசிப்பதாக அவர் சொல்வார். தோலை அடித்து உதறுவதுபோல அவர் வாசிப்பதாக நான் சொல்வேன்.

அவர் கைக்குச் சில்லு வாங்கி மாளாது. மதுரையிலிருந்து வாங்கிவந்த செல்லுலாய்டு சில்லு ஒரு ஞாயிறு தாங்கினால் அதிகம். பட்டறையில் கிடந்த பித்தளைத் தகட்டில் ஒன்று வெட்டிக் கொடுத்தேன். சில்லு தேயவில்லை, தந்தி அறுந்துவிட்டது. தேங்காய்ச் சிரட்டையில் செய்தது முனை உதிர்ந்தது. மச்சான் தன் பங்குக்குப் பதனிட்ட தோலில் ஒன்று நறுக்கிவந்தார். கிட்டாருக்குச் சளி பிடித்ததுபோலக் கேட்டது. பூசை நடுவில் சாமியாரே சிரித்துவிட்டார். கடைசியில் தோல் ஷாப்பில் கழித்துப்போட்ட கொம்புதான் கைகொடுத்தது. அவர் கொம்பு கொண்டுவருவார், நான் அறுத்து அரத்தால் ராவுவேன். வாரம் ஒருமுறை எண்ணெய் காட்டினால் வருடக்கணக்கில் உழைத்தது.

அந்தச் சமயத்தில் மதுரையில் ஒரு நாடகக் கம்பெனிக்குக் கிட்டார் வாசிக்க ஆள் வேண்டும் என்று தெரியவந்தது. ஒரே ஓர் ஆள். மச்சானுக்கு அப்போது சுண்ணாம்பு அரித்து விரலிடுக்கெல்லாம் புண். சோற்றில் குழம்பு பட்டாலே கை எரியும். "இது மட்டும் கெடச்சிருச்சுன்னா தொட்டிய விட்டு ஏறிருவேன் மாப்ள" என்றார். எனக்கு அப்படிக் கஷ்டம் ஒன்றும் இல்லை. மேடையில் உட்கார வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். இருவருமே போவதென்று முடிவு செய்தோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் புதுக் கொம்பில் இரண்டு சில்லு செய்தேன். கொம்புக்கும் மரத்தைப் போல நார் உண்டு. அது நீளவாக்கில் முனைவரை ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முனை ஒடிந்துவிடும். முதல் சில்லைச் சரியாக வெட்டினேன். இரண்டாவதற்கு மிச்சத் துண்டைத் திருப்பிப் பிடித்துவிட்டேன். வேண்டுமென்று செய்ததில்லை, அது சத்தியம். முடித்தபின் நகத்தால் வளைத்துப் பார்த்தபோது சில்லுக்குள் நறுக்கென்று ஓசை கேட்டது. ஆனாலும் மெருகு ஏற்றியதும் அதுதான் அழகாக இருந்தது, நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டோடு. மச்சான் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுல எது மாப்ள கெட்டி?" என்று கேட்டார்.

வெள்ளைக் கோட்டைத் தொட்டு, "இதுதான் மச்சான்" என்றேன். தெரிந்தேதான் சொன்னேன்.

கம்பெனி மேனேஜர் முன்னால் மச்சான்தான் முதலில் வாசித்தார். அப்படி அவர் வாசித்து நான் கேட்டதில்லை. மேனேஜர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். இரண்டாவது பாட்டின் பாதியில் சில்லு ஒடிந்தது. கட்டைவிரலால் தொடர்ந்து பார்த்தார். புண்ணில் தந்தி பட்டு ஓசை செத்துப்போனது. ஒரே ஒருமுறை என் பக்கம் திரும்பினார். நல்ல சில்லு என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து நீட்ட இரண்டு எட்டு வைத்தால் போதும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் கையமர்த்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். "ஏங்கை முரட்டுக் கை மாப்ள. எதக் குடுத்தாலும் ஒடச்சிரும்." எனக்குக் கிடைத்தது வீட்டுக்கே கிடைத்தது மாதிரி என்றும் சொன்னார். அதன்பின் அவர் கிட்டாரைத் தொடவில்லை. உடம்பு தாங்கும்வரை தொட்டியில்தான் இருந்தார். நான் ஊர் ஊராகப் போய் வாசித்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அக்காள் பரிமாறிவிட்டுச் சற்று நேரம் எதிரே உட்காருவாள். மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்புறம் மாப்ள, வேற சேதி?" என்பார். வேறு சேதி எதுவும் இல்லை என்பேன்.

மச்சான் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அக்காள் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பிரித்தேன். ஒடிந்த சில்லின் இரண்டு துண்டுகள், வெள்ளைக் கோட்டோடு. எண்ணெய் காட்டிக் காட்டி மினுமினுவென்று இருந்தன.

"ஒடஞ்ச எடத்துல பாரு தம்பி, நாரு குறுக்க ஓடுது. ஒம் மச்சான் அன்னைக்கே எனக்குக் காட்டுனாக. கொம்பு வெட்டுறவனுக்கு இது தெரியாமயா இருக்கும், போயி கேக்குறேன்னு எந்திரிச்சேன். வேணாம், அவனே ஒரு நா வந்து சொல்லுவான்னுட்டாக."

அன்றைக்குத்தான் சொன்னேன். அக்காள் கேட்டுக்கொண்டிருந்தாள்; கேட்க வேண்டியவர் இல்லை. அத்தனை கிறிஸ்துமஸிலும் அந்த இரண்டு பேர் எதற்காக என் எதிரே காத்திருந்தார்கள் என்பது அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

துண்டுகளை என் சில்லோடு அதே சிமிழில் வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் மூன்றுக்கும் எண்ணெய் காட்டுகிறேன். முழுசாக இருப்பதை இப்போதெல்லாம் யாருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை.