நாலு மணி பஸ்ஸும் பிஸ்கட் டின் மூடியும்

மதியம் இரண்டரைக்கு என் போன் ‘டிங்’ என்றது. ‘நிதின் தூங்கி எழுந்துவிட்டான்’ என்று ஒரு செய்தி, பக்கத்தில் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி. நிதின் என் தங்கை மகன், மூன்று வயது. செங்கல்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ப்ளே ஸ்கூலில் விட்டிருக்கிறோம். தங்கை மறைமலைநகருக்கு வேலைக்குப் போகிறாள், திரும்பி வர ராத்திரி ஏழாகிவிடும். எனக்கு மதியத்தோடு முடிந்துவிடுகிற பள்ளிக்கூட ஆபீஸ் வேலை. ஆகவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவது பெரியம்மாவான என் பொறுப்பு.

அந்தப் பள்ளியில் எல்லாமே போனில் வந்துவிடும். எத்தனை இட்லி சாப்பிட்டான், எத்தனை முறை பாத்ரூம் போனான், யாரைக் கிள்ளினான் என்பதுவரை வரும். என்னை இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாகக் கவனித்திருந்தால் நான் கலெக்டர் ஆகியிருப்பேன். தினமும் கடைசியாக ஒரு கேள்வி வரும்: ‘இன்று அழைத்துச் செல்ல வருபவர்?’ கீழே என் பெயர், அதற்குக் கீழே ‘வருகிறேன்’ என்று ஒரு பொத்தான். நான் அமுக்கினால் ஆபீசில் இருக்கிற பெண்ணுக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும், மறைமலைநகரில் இருக்கிற தங்கைக்குத் தெரியும். உள்ளே உட்கார்ந்திருக்கிற நிதினிடம் யாராவது சொல்கிறார்களா என்று ஒருநாள் கேட்டேன். “சின்னப் பிள்ளைதானே மேடம்” என்றாள் அந்தப் பெண்.

எனக்கு உடனே ஒரு பிஸ்கட் டின் மூடி ஞாபகம் வந்தது. பெரிய வட்ட மூடி, ஓரத்தில் துரு, நடுவில் நசுங்கி ஒரு சொட்டை. கையில் பிடித்தால் விரலில் இரும்பு வாசனை ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் சாயங்காலம்வரை போகாது.

இருபத்தோரு வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை மாமல்லபுரத்தில், வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு காப்பகத்தில். செங்கல்பட்டில் ஆறு மாதம் பாலர் கல்வி படித்து சர்டிபிகேட் வாங்கியிருந்தேன். குழந்தையின் வளர்ச்சிப் படிகளை வரிசையாக ஒப்பிப்பேன். சளி ஒழுகுகிற மூக்கை எப்படிச் சிந்த வைப்பது என்று மட்டும் தெரியாது. திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில் தினமும் போய் வருவேன்.

காப்பகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஹால், ஒரு சமையல் இடம், கம்பிக் கேட். பன்னிரண்டு பிள்ளைகள். பினாயில், பால், காயாத கோரைப்பாய் எல்லாம் கலந்த ஒரு வாசனை. சுற்றிலும் கல் பட்டறைகள். காலையிலிருந்து உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளைத் தூசி. முதல் வாரம் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. பிள்ளைகளோ அந்தச் சத்தத்தில்தான் தூங்குவார்கள். பட்டறையில் டீ குடிக்க உளியைக் கீழே வைத்தால், இங்கே பன்னிரண்டும் ஒன்றாக எழுந்து உட்காரும்.

அங்கே பொறுப்பாக இருந்தவர் ரெஜினா அக்கா. நாற்பது வயது இருக்கும், ஒல்லி, குரல் மட்டும் கனம். நான் சேர்ந்த முதல் நாள் ஒரு பிள்ளை கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதது. நான் ஓடிப்போய்த் தூக்கி, “அம்மா இதோ வந்துரும்டா கண்ணு” என்றேன். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இதோன்னா இன்னா?”

நான் முழித்தேன்.

“உனுக்கே தெர்ல. அந்தப் புள்ளைக்கு இன்னா தெரியும்? இதோன்னு சொன்னா அது இப்பவே வரும்னு பாத்துகினு நிக்கும். வராது. அப்பறம் நீ சொல்றத எதையும் நம்பாது. எதுல வரும், எப்ப வரும், அத்த சொல்லு.”

அதற்காக அவர் வைத்திருந்த ஏற்பாடுதான் அந்த மூடி. காலையில் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். மூடிதான் ஸ்டியரிங். அது யார் கைக்கு வருகிறதோ அந்தப் பிள்ளை தன் அம்மா எதில் வரும் என்று சொல்லி, அந்த வண்டியின் ஆரனை அடிக்க வேண்டும். கம்பெனி பஸ்ஸுக்கு நீளமாக ‘பீய்ய்ங்’. ஓட்டல் வேனுக்கு ‘பாம் பாம்’. ஷேர் ஆட்டோவுக்குத் தவளை மாதிரி ஒரு சத்தம், அதை அப்சல் என்கிற பையன்தான் சரியாகச் செய்வான். ஆரன் முடிந்ததும் அக்கா “வரும்” என்பார். உடனே எல்லாப் பிள்ளைகளும் “வரும்! வரும்!” என்று கத்தும். மூடி அடுத்த கைக்குப் போகும்.

விளையாட்டு மாதிரித்தான் இருக்கும். ஆனால் “வரும்” என்று சொல்லிவிட்டால் வந்தே ஆக வேண்டும், அக்கா அதில் கறார். ஓவர்டைம் இருந்தால் அம்மாக்கள் எதிர்க்கடைக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். அக்கா அந்தப் பிள்ளையின் முன்னால் போய் உட்கார்ந்து, “உங்கம்மா நாலு மணி பஸ்ஸுல வரல, ஏயு மணி பஸ்ஸுல வருது” என்பார். அது கொஞ்ச நேரம் அழும். நான் பதறுவேன். “அயுவட்டும். தெரிஞ்சு அயுவுறது வேற, தெரியாம அயுவுறது வேற” என்பார். கொஞ்ச நேரத்தில் அது மூக்கைத் துடைத்துக்கொண்டு மணலில் விளையாடப் போய்விடும்.

என் சின்ன வயதில் இந்தக் கேள்வியே கிடையாது. என் அம்மா அடுத்தவர் வயலில் நடவுக்குப் போனவர். வரப்பு மரத்தில் தூளி கட்டி என்னைப் போட்டுவிட்டுப் போவாராம். எதில் வரும் என்று யாரும் கேட்க வேண்டாம், சேற்றுக் காலோடு நடந்துதான் வரும். சரி, எங்கேயோ போகிறேன்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று சத்யா. மூன்றரை வயது, இரட்டைப் பின்னல், எப்போதும் பையை மாட்டிக்கொண்டே இருப்பாள். அவள் அம்மா நாலு மணி கம்பெனி பஸ்ஸில் இறங்குகிற ஐந்து பெண்களில் ஒருத்தி. அப்பா பூஞ்சேரிப் பக்கம் கல் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். ஒரு மழைக்காலத்தில் சத்யாவின் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் இறந்துபோனார். அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை அப்பா சத்யாவைக் கொண்டுவந்து விட்டார். அன்று பார்த்து ரெஜினா அக்கா மூன்று நாள் பயிற்சிக்கு மதுராந்தகம் போயிருந்தார். நானும் சமையல்கார அம்மாவும் மட்டும். அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“புள்ளைக்கு இன்னும் சொல்லலம்மா. கம்பெனிக்குப் போயிகீதுன்னு சொல்லி வெச்சிகீறேன். நீயும் அப்டியே சொல்லிடு.”

“செரிண்ணா” என்றேன்.

அன்று மூடியை எடுக்க வேண்டாம், பாட்டுப் பாடிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பிள்ளைகள் விடவில்லை. அப்சல் போய் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஓட்டல் வேன் போனது, ஷேர் ஆட்டோ போனது. மூடி சத்யா கைக்கு வந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து வளைவில் திருப்பினாள். “கம்பெனி பஸ்ஸு. நாலு மணி. பீய்ய்ங்” என்றாள்.

பன்னிரண்டு முகமும் என்னைப் பார்த்தன. நான் சொன்னால்தான் அவர்கள் சொல்வார்கள். பேசாமல் இருந்திருக்கலாம். மூடியை அடுத்த பிள்ளையிடம் தள்ளியிருக்கலாம். நான் “வரும்” என்றேன்.

“வரும்! வரும்!”

நாலு மணிக்கு பஸ் வந்தது, அதே ஆரனோடு. பிள்ளைகள் கேட்டுக்கு ஓடினார்கள். சத்யாவும் ஓடினாள். நான்கு பெண்கள் இறங்கினார்கள். அவளைப் பார்த்ததும் நான்கு பேரும் தங்கள் தங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்கள். அவர்களை என்ன சொல்ல முடியும். பஸ் போன பிறகும் சத்யா கேட்டை விடவில்லை.

“அக்கா, இன்னொரு பஸ்ஸு கீதா?”

“கீது” என்றேன். “ஏயு மணிக்கு.”

ஆறு மணிக்கு அப்பா வந்து கூட்டிப்போய்விட்டார். எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கையைக் கழுவிவிட்டு பஸ் ஏறினேன், ஜன்னலோரம் இடம் கிடைத்தது, திருக்கழுக்குன்றத்தில் வேர்க்கடலை வாங்கித் தின்றேன். அந்த மரத்துப்போன மாதிரி இருந்ததை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மறுநாள் மூடி சத்யாவிடம் வந்தது. அவள் வாங்கவில்லை. கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அப்சல் அவளையே பார்த்தான். அவன் முறை வந்ததும் அவனும் வாங்கவில்லை.

“ஏன்டா?”

“சொன்னா வராது” என்றான்.

புதன்கிழமை ஒரு பிள்ளையும் மூடியைத் தொடவில்லை. மதியம் பாய் போட்டேன், உளிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, யாரும் தூங்கவில்லை. எல்லோரும் ஒருக்களித்துப் படுத்துக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஏதாவது வேலை இருந்திருக்கும்.

வியாழக்கிழமை அக்கா வந்தார். மூலையில் கிடந்த மூடியையும் பிள்ளைகளையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. என்னைச் சமையல் பக்கம் கூப்பிட்டார்.

“சத்யா ஆரன் அடிச்சாளா?”

“அடிச்சாக்கா.”

“வரும்னு யாரு சொன்னது?”

பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “பசங்கதாங்க்கா” என்றேன். “நான் சொல்றதுக்குள்ள கத்திட்டாங்க.”

அக்கா நம்பினார். அவர் என்னை ஏன் நம்பக் கூடாது.

அன்று சாயங்காலம் சத்யாவின் அப்பாவை உட்காரவைத்து, “நீ சொல்றியா, நான் சொல்லட்டா?” என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “நீயே சொல்லும்மா, எனுக்கு வாய் வரல” என்றார். அக்கா சத்யாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“சத்யா, உங்கம்மா செத்துப்போச்சு. எந்த பஸ்ஸுலயும் வராது. ஏயு மணி பஸ்ஸுலயும் வராது. உங்கப்பா வரும். தெனம் ஆறு மணிக்கு. சைக்கிள்ல.”

சத்யா அப்பா பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: “சைக்கிளுக்கு ஆரன் எப்டி?”

அவர் எழுந்து வெளியே போய் மணியை அடித்துக் காட்டினார். டிங் டிங். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். நெடுநேரம் அழுதாள். அக்கா தடுக்கவே இல்லை.

மறுநாள் காலை அக்கா வட்டத்தில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் பேசினார். கோபமே இல்லாமல் சொன்னார்: “சத்யா அம்மா வரும்னு நீங்க சொன்னீங்களே, அது தப்பு. தெரியாம சொல்லிட்டீங்க. பரவால்ல.” பதினோரு பிள்ளைகளும் சரி சரி என்று தலையாட்டின. மூன்று வயதுப் பிள்ளைகள், யார் முதலில் சொன்னது என்று அவர்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கும். சத்யா மட்டும் தலையாட்டவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் கீழே கிடந்த ஒரு கிரேயானை எடுத்து டப்பாவில் போட்டேன்.

மூடியை அவள் மறுபடி வாங்க ரொம்ப நாள் ஆனது. ஒருநாள் வாங்கி, “அப்பா. சைக்கிளு. டிங் டிங்” என்றாள். அக்கா “வரும்” என்றார், எல்லோரும் கத்தினார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். அந்த மனிதர் ஒருநாளும் தப்பவில்லை. அக்கா ஆறு என்றால் ஆறு என்று சொல்லியிருந்ததால் ஐந்தே முக்காலுக்கே வந்து எதிர்க்கடை ஓரமாக நிற்பார். ஆறுக்கு முன்னால் கேட்டுக்கு வர மாட்டார். கடைக் கடிகாரத்தைப் பார்த்து, ஆறு ஆனதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து மணி அடிப்பார். சத்யா பையோடு தயாராக இருப்பாள். ஜூன் மாதம் அவளைப் பள்ளியில் சேர்த்தார்கள், அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

போன வருஷம் தங்கையோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனபோது அந்தத் தெருப்பக்கம் நடந்தேன். காப்பகம் இருந்த இடத்தில் வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதி, வாசலில் பெரிய கண்ணாடிக் கதவு. கம்பிக் கேட் இல்லை. பட்டறைகளில் இப்போது மெஷின் கத்துகிறது, உளிச் சத்தம் குறைந்துவிட்டது. எதிர்க்கடை இல்லை. கம்பெனி பஸ் அந்த வழியாக வருவதில்லை என்று டீக்கடையில் சொன்னார்கள். மூடியை எந்தப் பழைய இரும்புக்காரன் எடுத்துப் போனானோ. ரெஜினா அக்கா இறந்து சில வருஷம் ஆகிறது. சாவுக்குப் போயிருந்தேன், அங்கேயும் எனக்கு அழுகை வரவில்லை.

இப்போது காலையில் நிதினை விடும்போது அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, “பெரிம்மா நாலு மணிக்கு ஸ்கூட்டில வரேன்” என்று சொல்கிறேன். வாட்ச்மேன் இவளுக்கு என்ன என்று பார்க்கிறார். “ஆரன் அடி” என்கிறான் நிதின். அடித்துக் காட்டுகிறேன். பிறகு மூன்றரைக்கே போய் எதிரே வேப்பமரத்தடியில் நிற்கிறேன்.

“வரும்னு சொன்னது பசங்க இல்லக்கா, நான்தான்.” இதைக் கேட்க வேண்டிய அக்கா இப்போது இல்லை. அன்று வட்டத்தில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சத்யா எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். மணி மூன்று இருபது, நான் கிளம்ப வேண்டும்.