மாப்பிள்ளை கொண்டுவந்த மிஷின்

பட்டு நூலுக்குச் சாயம் போடுவது என் தொழில். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் நூலை உலர்த்தும் இடம். அங்கே ஒரு பாதாம் மரம் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பழம் நூல் மேல் விழுந்தால் கறை போகாது. கிளைகளைக் கழிக்க வேண்டும் என்று வீட்டில் எப்போதோ சொல்லியிருந்தேன். அதை ஞாபகம் வைத்துக்கொண்டவர் என் தங்கையின் கணவர் என்பதுதான் முதலில் உறுத்தியது.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்திப் போடாத மனிதர். ஏனாத்தூரில் குடித்தனம், வெளியே ஒரு கம்பெனியில் வேலை. அவர் போன் செய்து, "மச்சான், செவ்வாக்கெழம வரேன். கிளைய வெட்டி அங்கயே தூளாக்கிடலாம். மிஷின் இருக்குது" என்றார். வைக்கும் முன், "உங்க தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

என் மனைவிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "மரம் போனா எடம் பெருசா தெரியும்ங்க. எடத்த வாங்க வர்றவங்க கண்ணுக்கு."

அந்த இடம் எனக்கும் தங்கைக்கும் பொது. அப்பா போன பிறகு பாகம் பிரிக்கவில்லை. அவள் கேட்டதில்லை, நானும் பேச்செடுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு சின்ன லோடு வண்டியில் மிஷின் வந்து இறங்கியது. மொபெட் உயரம் இருக்கும். மேலே கிளையைத் திணிக்க அகன்ற வாய், பக்கத்தில் தூளைக் கக்கும் குழாய், கயிறு இழுத்துக் கிளப்பும் பெட்ரோல் என்ஜின்.

"யாருது மாப்ள?"

"ஃப்ரெண்டுது மச்சான்."

கைப்பிடியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை யாரும் இன்னும் பிரிக்கவில்லை. கம்பெனிக்குப் போகவில்லையா என்றேன். நைட் ஷிஃப்ட் என்றார்.

வந்தவர் அரிவாளை எடுக்கவில்லை, டேப்பை எடுத்தார். பின் கேட்டின் அகலத்தை அளந்தார், வெளிச் சந்தின் அகலத்தையும் அளந்தார். நான்கு மூலையிலும் நின்று இடத்தைப் போனில் படம் பிடித்தார். "இந்த சந்துல லோடு வண்டி உள்ள வருமா மச்சான்?" என்று அவர் கேட்டபோது மனைவி சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

அன்று நான் சாயத் தொட்டி பக்கம் போகவில்லை. தூள் பறந்து நூலில் ஒட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவரைத் தனியாக விட மனமில்லை.

அவர் ஏணியில் ஏறி அறுத்தார், நான் கிளைகளை இழுத்துப் போட்டேன். பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மிஷினைக் கிளப்பினார். முதல் கிளையை இலைப் பக்கமாகத் திணித்தார். மிஷின் குலுங்கி, முனகி, நின்றுவிட்டது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் ஒரு வீடியோவைப் பார்த்தார். இரவல் வாங்கி வருகிறவர் ஓட்டத் தெரிந்துகொள்ளாமலா வருவார்? பிறகு என்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அடைத்த இலைகளைக் குச்சியால் நோண்டி எடுத்தார்.

அடிப்பக்கத்தை முதலில் கொடுத்ததும் கிளையை மிஷினே இழுத்துக்கொண்டது. கவட்டைகளை மட்டும் நான் வெட்டி நேராக்கிக் கொடுத்தேன். முற்றத்தை அடைத்துக் கிடந்த கிளைகள் கொஞ்ச நேரத்தில் முழங்கால் உயரத் தூள் குவியலாகிவிட்டன. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது எரிச்சலாகவும் இருந்தது.

பெட்ரோல் ஊற்ற என்ஜினை நிறுத்தியிருந்தபோது தங்கை என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"ண்ணா, அவரு அங்க வந்தாரா?"

"ஏம்மா?"

"தெனம் டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு வேலைக்குன்னு கெளம்பறாரு. கூட வேலை பார்த்தவரு சம்சாரத்த நேத்து கோயில்ல பார்த்தேன். இவங்க எல்லாரயும் வேலைய விட்டு எப்பவோ நிறுத்திட்டாங்களாம். அப்ப இவரு தெனம் எங்க போறாரு? யாரு வீட்டுக்குப் போறாரு?"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். கேள்வியை நான் கேட்கும் முன்பே ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"மழைக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க மச்சான். அவகிட்ட சொல்ல வாய் வரல. கம்பெனியில கையில குடுத்து அனுப்பின பணத்துல இத வாங்கினேன். வீட்டு மரத்த கழிக்கறவங்களுக்கு குப்பைய போட எடமில்ல, அந்த வேலைய புடிக்கலாம்னு. கேட்ல மிஷின், சந்துல வண்டி நுழையுமான்னு அளந்து பழகறேன். போட்டோ, முன்ன எப்படி, பின்ன எப்படின்னு காட்டறதுக்கு."

"பகல்ல எங்க இருப்பீங்க?"

"திருமுக்கூடல்ல. ஆத்தோரமா உக்காந்துக்கினு இருப்பேன்."

எல்லாம் பொருந்தியது. அவ்வளவு நன்றாகப் பொருந்தியதால் நம்பத் தயக்கமாக இருந்தது. "இப்பவே அவகிட்ட சொல்லுங்க, என் எதிர்ல" என்றேன்.

ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார். அவள், "மிஷினா? எங்க, ஓட்டுங்க, கேக்கறேன்" என்றாள். கயிற்றை இழுத்து, ஒரு கிளையைத் திணித்து, போனை அருகில் பிடித்தார். சத்தம் அடங்கியதும், "அண்ணாகிட்ட குடுங்க" என்றாள்.

"ண்ணா, ரெண்டு பேரும் சேந்துக்கினு மரத்த வெட்டி எடத்த வித்துடப் பார்க்கறீங்களா?"

காலையிலிருந்து நான் அவர் மேல் வைத்திருந்த சந்தேகம் என் தலையிலேயே வந்து உட்கார்ந்தது.

தங்கை ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். அவரைப் பார்க்காமல் இடத்தைச் சுற்றி வந்தாள். அடிமரம் நிற்பதைத் தொட்டுப் பார்த்தாள். தூளில் கையை விட்டு அளைந்தாள். அவர் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். "இந்த கேட்ட எதுக்கு போட்டோ எடுத்தீங்க?" அவர் சொன்னார். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னார். பிறகு கேட்டாள்:

"நான் கட்டிக்குடுத்த சோத்த ஆத்தங்கரையில தனியா உக்காந்தா சாப்பிட்டீங்க?"

"பசிக்குமில்ல" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள்.

கிளம்பும்போது, பாகத்தைப் பிரித்துப் பத்திரம் எழுதிவிடலாம் என்று சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "இத்தன நாளு இல்லாம இப்ப எதுக்குண்ணா?" என்றாள். ஆனாலும் எழுதிக்கொண்டோம்.

இப்போது அவர் ஏனாத்தூர் கல்லூரிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மிஷினோடு போகிறார். ஆரம்பத்தில் அவளும் கூடவே போனாள், உதவிக்கு அல்ல. இப்போது வேலை பேசுவதே அவள்தான். போகிற வீடுகளிலும் ஆட்கள் வாசலில் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறார்களாம். அதனால் டேப்பை எடுக்கும் முன்பே, எதற்கு அளக்கிறோம் என்று அவள் சொல்லிவிடுகிறாள்.